புறம்போக்கில் நின்ற முக்காலி

வீரையாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோதே ஏகப்பன் வந்துவிட்டார்.

காரைக்குடியில் அன்றைக்கு நிலம் அளக்கவும் பிளான் போடவும் தனியார் ஆபீஸ் என்று இருந்தவை இரண்டுதான். ஒன்று வீரையாவுடையது. மற்றது ஏகப்பனுடையது. பாகப்பிரிவினை, வேலித் தகராறு, வீடு கட்டப் பிளான் என்று எது வந்தாலும் ஜனங்கள் இந்த இருவரில் ஒருவரைத்தான் தேடிப் போக வேண்டும். ஒருவர் அளந்ததை மற்றவர் நொட்டை சொல்லாமல் விடமாட்டார். ஆனால் லாரியில் அடிபட்டு வீரையா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரும் இதே ஏகப்பன்தான்.

"ஆத்தா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது," என்றார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்த அளவுச் சங்கிலி, மேசை, வீரையா போட்ட பிளானு எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துரு. உங்க ஆபீஸுக்கு வர்ற ஆளுக இனி எங்கிட்ட வரட்டும். மாசாமாசம் உனக்கு ஏதாவது வந்து சேந்துரும். நீ நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

பொன்னுத்தாயிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிள்ளை இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆபீஸின் உள்வேலை முழுக்க அவள் கையில்தான் இருந்தது. வீரையா வெளியே போய் அளந்து வருவான். பரப்புக் கணக்குப் போடுவதும், பிளானை டிரேசிங் துணியில் மையால் ஏற்றுவதும், மொட்டைமாடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வெயில் காட்டி நீலப் பிரதி எடுப்பதும், 'எப்ப வருவாரு, எப்ப முடியும்' என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்.

"நிம்மதியா இருக்கணும்னு நான் உங்ககிட்டச் சொன்னேனாண்ணே?" என்று கேட்டாள்.

ஏகப்பனின் துண்டு கன்னத்திலேயே நின்றது.

"வர்ற திங்கக்கிழமை ஆபீஸைத் தொறக்கப் போறேன். நீங்க காப்பி சாப்பிட்டுப் போங்க."

சொன்னபடி திறந்தாள். மேசைக்குப் பின்னால் வீரையா உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர், அவளைப் பார்த்துவிட்டு, 'ஆம்பளை யாரும் இல்லையா' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் கூப்பிட்டு நிறுத்தவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு காண்ட்ராக்டரிடம் மண்வேலைக்கு மேஸ்திரியாகக் கிடந்த இராமு என்பவனைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டாள். கல்யாணமானவன், அமைதியானவன், வேலையில் சுத்தம். நாச்சியாபுரம் பக்கத்து ஆள்.

மேசையில் உட்கார்ந்தபடியே அவள் ஊரைக் கவனித்தாள். பெரிய பெரிய வீடுகளைப் பூட்டிப் போட்டுவிட்டு ஆட்கள் மெட்ராஸுக்கும் மலேயாவுக்கும் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஊர் வெளியே வழிந்துகொண்டிருந்தது. காலேஜ் வாத்தியார்கள், ஆராய்ச்சிக்கூடத்து ஊழியர்கள், பாங்கி குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு மனை வேண்டும். புஞ்சைக் காடுகளை வாங்கி, ரோடு விட்டு, மனை மனையாக வெட்டி விற்கிற வியாபாரம் தலையெடுத்திருந்தது. ஆனால் அந்த லே-அவுட் வேலை ஒன்றுகூட இந்த ஊரில் தங்கவில்லை. மதுரையிலிருந்து ஜீப்பில் வந்தார்கள், மூன்று கால் கருவி ஒன்றை நட்டார்கள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பத்து நாளில் மீட்டர் கணக்கில் அச்சடித்த மாதிரி பிளான் வந்து இறங்கியது. வீரையா விட்டுப்போனது அடிக்கணக்குச் சங்கிலி. அதை வைத்துக்கொண்டு இரண்டு பங்காளிகளின் வேலித் தகராறைத் தீர்க்கலாம். நாற்பது ஏக்கரை மனை போட முடியாது.

அவள் வீரையாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை விற்றாள்.

கொழுந்தன் வந்து வாசலில் நின்று கத்தினான். "எங்கண்ணன் ஏறுன வண்டி அது! அத வித்து ஒரு தூரக்கண்ணாடி வாங்கணுமா?"

"உங்கண்ணன் அதுல ஏறி வேலைக்குத்தான் போனாரு. நானும் வேலைக்குத்தான் விக்கிறேன். நீங்க ஓட்டுறதுக்கு ஆசைப்பட்டிருந்தா நேராக் கேட்டிருக்கலாம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. மெட்ராஸில் கடையை மூடிய ஒரு கம்பெனியிடமிருந்து கோணம் அளக்கும் பழைய தியோடலைட் ஒன்று, மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து, ரயிலில் வந்து சேர்ந்தது. கூடவே புது மீட்டர் சங்கிலி. பெட்டியைத் திறந்த அன்று டீக்கடையில் ஏகப்பன் சொன்னது சாயங்காலத்துக்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது: "கலியாணத்துல போட்டோப் புடிக்கவும் அது ஆகுமான்னு கேட்டுச் சொல்லுங்கப்பா."

மறுநாள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தபோது அவளே நின்று பேசினாள். "போட்டோப் புடிக்க ஆகாதுண்ணே. ஆனா கோணத்தை உள்ளது உள்ளபடி சொல்லும்."

"வெள்ளைக்காரன் இந்தச் சீமையையே சங்கிலி போட்டுத்தான் அளந்தான் ஆத்தா."

"அவன் கையில தேடலைட்டும் இருந்துச்சு. சங்கிலிய மட்டும் நம்மகிட்ட விட்டுட்டுப் போயிட்டான்."

ஏகப்பன் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மூன்று வருஷம் நல்லபடியாக ஓடியது. வாத்தியார்கள் சேர்ந்து வாங்கிய ஆறு ஏக்கரில் ஆரம்பித்து, சின்னச் சின்ன லே-அவுட்கள் வந்தன. பிளானில் சதுர மீட்டர் என்று எழுதி, பக்கத்திலேயே சென்ட் கணக்கும் போட்டுக் கொடுத்தாள். பழைய ஆளும் படிக்கலாம், புது ஆபீஸும் திருப்பி அனுப்பாது. வேலை இல்லாத சாயங்காலங்களில் இராமு மொட்டைமாடியில் முக்காலியை விரித்து அவளுக்குக் கருவியைக் கற்றுக் கொடுத்தான். கோயில் கோபுரக் கலசத்தில் குறுக்குக் கம்பியை உட்கார வைப்பது, திருகை மெல்லத் திருப்புவது, பாகையை வாசிப்பது. தலைகீழாகத் தெரிந்த கோபுரத்தை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் சிரிப்பும் போய், கையும் பழகிவிட்டது.

எழுபத்திரண்டாம் வருஷம் பெரிய வேலை வந்தது. ரைஸ்மில் சேதுபதி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. நாச்சியாபுரம் ரோட்டில் ரோட்டை ஒட்டியே நாற்பது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். அதை மனை போடும் வேலையை மதுரைக்காரர்களுக்குக் கொடுக்காமல், காரில் வந்து இறங்கி அவளிடம் கொடுத்தார்.

பொன்னுத்தாயி அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இது முடிந்தால் அமோனியா பிரிண்ட் எடுக்கும் மிஷின் ஒன்று வாங்கலாம். வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இராமுவுக்குத் துணையாக இன்னொரு டிப்ளமாக்காரனை வைக்கலாம். மதுரைக்காரன் இங்கே வந்து வேலையைக் கொண்டுபோன காலம் போய், நாம் மதுரைக்குப் போய் ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

ஒரு வாரம் அளந்துவிட்டு வந்த இராமு, பிளானை மேசையில் விரித்து ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தான்.

"என்ன?"

"வரத்துக்கால் குறுக்க போகுதுக்கா."

பிடாரிக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் அது. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, சேதுபதி வாங்கிய நிலத்தின் நடுவே போய், அந்தப் பக்கம் கண்மாயில் விழும். சர்க்கார் புலப்படத்தில் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தரையில் இல்லை. டிராக்டர் விட்டு மேடும் பள்ளமும் தெரியாமல் நிரவியாகிவிட்டது. இரண்டு கரையிலும் இருந்த கற்களையும் காணவில்லை. பாலத்திலிருந்தும் கண்மாய்க் கரையிலிருந்தும் கோணம் எடுத்து இராமு கோடு போட்டிருந்தான். ரோட்டை ஒட்டி, நல்ல விலைக்குப் போகக்கூடிய மனைகளின் வயிற்றில் அது நேராகப் புகுந்து போயிற்று.

பிளானில் வாய்க்காலைக் காட்டி, அதை விட்டு இருபுறமும் மனை பிரித்து அனுப்பினாள். மறுநாளே கார் வந்து நின்றது.

சேதுபதி சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். "என்ன பொன்னுத்தாயி, என் நெலத்துல எனக்கே தெரியாம வாய்க்கால் வெட்டிப்புட்டீக?"

"நான் வெட்டலைங்க. அது அங்கதான் இருந்துச்சு."

"எங்க இருக்கு? வாங்க, கார்ல ஏறுங்க, போய்ப் பாப்போம். கண்ணால காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாம ஆக்குனது நீங்கதானே."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க. அந்தக் கண்மாய்ல தண்ணி நின்னு எத்தனை வருசமாச்சு? ஆடு மேயுது. அதுக்குப் போற வாய்க்காலுக்காக ரோட்டோர மனை அத்தனையும் விடச் சொல்றீகளா? ஒரு கோட்டை அழிச்சா யாருக்கு என்ன நட்டம்? இது முதல் வேலைதான். அடுத்து எங்க மச்சான் புதுக்கோட்டை ரோட்டுல வாங்குறாரு. எங்க வகையில இன்னும் பத்துப் பேர் இருக்காக. எல்லாம் உங்க ஆபீஸுக்குத்தான்."

பொன்னுத்தாயி பிளானைப் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. மிஷினும் இன்னொரு ஆளும் மதுரையும் கண்ணுக்குள் வந்து போயின. தண்ணி நிற்கவில்லை என்பதும் நிஜம்தான். இரண்டு மூன்று வருஷமாக மழையே சரியில்லை. அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட சேதுபதி, எழுந்துகொண்டே ஒரு வார்த்தை சேர்த்தார்.

"புருசன் இல்லாத பொம்பளை நடத்துற ஆபீஸுக்கு இவ்வளவு பெரிய வேலைய வேற எவன் குடுப்பான்? நெனைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்கிற வேலையை அந்த வார்த்தையே முடித்துவிட்டது. முன்பணமாக வாங்கியதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எவனும் குடுக்க வேண்டாம். வாய்க்கால் இல்லாத பிளான்ல இந்த ஆபீஸ் முத்திரை விழாது. வேற ஆளப் பாத்துக்கங்க."

"பாத்துக்கிறேன்," என்றார் சேதுபதி. "நீங்களும் பாத்துக்கங்க."

அந்த வாரமே இராமு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அவனுடைய அப்பா சேதுபதியின் நிலத்தில் குத்தகைக்கு உழுகிறவர். 'மகன் எந்த ஆபீஸுல வேலை பாக்குறான்' என்று ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவன் கண் கலங்கியிருந்தது. பொன்னுத்தாயி அவனைத் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஊருல இரு. உங்கப்பாருக்குப் பயிர் வீட்டுக்கு வரட்டும். அப்புறம் வா," என்று அனுப்பினாள். அனுப்பிவிட்டு, பெட்டிக்குள் கிடந்த தியோடலைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அக்கம்மாள் வந்தாள். பிடாரிக் கண்மாய்ப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவள். வெயிலில் கறுத்த, குரல் பெருத்த பொம்பளை. பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"மில்லுக்காரரு வாய்க்கால மூடி மனை போடுறாராம்ல? மதுரைல காகிதம் குடுக்கப் போறாராம். நாங்க தாலுகா ஆபீஸுல மனு குடுத்தோம். எந்த எடம், என்ன அளவு, பிளானக் கொண்டான்னு கேக்குறாக. சர்க்கார் சர்வேயரு வந்து அளக்க ஆறு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள அங்குட்டு வீடே எந்திரிச்சிரும். நீங்க அளந்து குடுப்பீகளா, மாட்டீகளா?"

"குடுக்கிறேன்," என்றாள் பொன்னுத்தாயி. இராமு இல்லாமல் யார் கூட வந்து சங்கிலி பிடிப்பது, அவன் இடத்தில் யார் பதிவு பெற்ற சர்வேயராகக் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

விடை மறுநாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தது. ஏகப்பன். செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

"அந்த மில்லுக்காரன் எங்கிட்ட வந்தான்," என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நாப்பது ஏக்கர் லே-அவுட்டு. வாய்க்கால் இல்லாமப் போடணுமாம்."

"போடப் போறீகளா?"

"கேளு ஆத்தா முழுசா. நான் கேட்டேன், 'பொன்னுத்தாயிகிட்ட மிஷின் இருக்கு, எங்கிட்டச் சங்கிலிதானே இருக்கு, எதுக்கு எங்கிட்ட வந்தீக'ன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அதுக்குத்தான்யா வந்தேன். மிஷின்னா பொய் சொன்னா மாட்டிக்கும். சங்கிலின்னா அளவு முன்னப் பின்னத்தான் இருக்கும், எவனும் கேக்க மாட்டான்'னான்." துண்டைக் கையில் முறுக்கினார். "இருபத்தஞ்சு வருசம். என் சங்கிலிய வாரத்துக்கு ஒரு தரம் அளவுக் கல்லுல போட்டுச் சரி பாக்குறவன் நான். பொய் சொல்லத் தோதான சாமான்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்!"

பொன்னுத்தாயி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"பிடாரிக் கண்மாய்க்காரக வந்தாகளாமே உங்கிட்ட?"

"வந்தாக."

"யாரு அளக்குறா?"

"நான் தேடலைட்டுல நிப்பேன். சங்கிலி போட ஆளில்லை. கையெழுத்துப் போடவும் ஆளில்லை."

ஏகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கையெழுத்து என்னோடது. ஆனா ஒண்ணு, உன் மிஷின் சொல்றத நான் அப்படியே நம்ப மாட்டேன். என் சங்கிலியாலயும் பாப்பேன்."

"பாருங்க. நானும் உங்க சங்கிலிய அப்படியே நம்பப் போறதில்ல."

இரண்டு நாள் கழித்துக் காலையில், வெயில் ஏறும் முன்பே பாலத்தில் முக்காலியை விரித்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பொன்னுத்தாயி ரசமட்டக் குமிழை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். தூரத்துக் கோபுரத்தில் கம்பியை வைத்து, புலப்படத்தின்படி கோணத்தைத் திருப்பினாள். அந்தத் திசையில் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகளை ஏகப்பன் நட்டார். "இங்குட்டு... இன்னும் இங்குட்டு... போதும்." கோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்காலின் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பொடி விழுந்தது. கண்மாய்க்காரர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டமே வந்திருந்தது. பொன்னுத்தாயி அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "இந்த ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளிய ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. அங்குட்டுச் செடில பூ இருந்தாலும் பறிக்கக் கூடாது."

வாய்க்கால் ஒரு இடத்தில் வளையும். அந்த வளைவுக்கு அவர்கள் போய், முக்காலியை நட்டு, புதுத் திசைக்குக் கோணம் திருப்பி, ஏகப்பன் இரண்டாவது கம்பை ஊன்றிக்கொண்டிருந்தபோது கார் வந்தது. பின்னாலேயே மில் ஆட்கள் ஒரு டிராக்டரில்.

"யாரைக் கேட்டு என் நெலத்துல நிக்கிறீக?" சேதுபதி காரிலிருந்து இறங்கும்போதே கத்தினார்.

"உங்க நெலத்துல நான் நிக்கலை," என்றாள் பொன்னுத்தாயி. கருவியை விட்டு அவள் நகரவில்லை. "இது வாய்க்கால் புறம்போக்கு. இந்த முக்காலியோட மூணு காலும் புறம்போக்குலதான் நிக்குது. வந்து பாத்துக்கங்க."

"எங்கடி இருக்கு வாய்க்கால்?"

மரியாதை போனதைக் கூட்டம் கவனித்தது. அக்கம்மாள் சுண்ணாம்புக் கூடையைத் தரையில் வைத்தாள். "நாங்க வரிசையா நிக்கிறோம் பாருங்க, இதான் வாய்க்கால். பாலத்துலேர்ந்து இங்கன வரைக்கும் நிக்கிறோம். தெரியுதா இப்ப?"

சேதுபதி தலையை ஆட்டினார். டிராக்டரிலிருந்து குதித்த ஒருவன் நேராக வந்து, பொன்னுத்தாயியைத் தொடாமல், முக்காலியைக் காலால் எட்டி உதைத்தான். அவள் எட்டிப் பிடித்தாள். கைக்குக் கிடைத்தது முக்காலியின் கால் மட்டும்தான். தியோடலைட் கட்டாந்தரையில் தலைகுப்புற விழுந்தது. கண்ணாடி நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பொன்னுத்தாயி குனிந்து அதை எடுத்தாள். குழாயின் முகப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. ரசமட்டக் குழலிலிருந்து சாராயம் மாதிரி ஏதோ அவள் விரலில் ஒழுகியது. அவளுக்கு அழுகை வரவில்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதுல்ல?" என்றார் சேதுபதி. "கெளம்புங்க எல்லாரும்."

"முடியலை," என்றாள். உடைந்த கருவியை அக்கம்மாளின் கூடைக்குள் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள். "அண்ணே, கம்பு ரெண்டும் நிக்குதா?"

"நிக்குது ஆத்தா," என்றார் ஏகப்பன். உதைத்தவன் முக்காலியைத்தான் பார்த்தான், கம்புகளைப் பார்க்கவில்லை.

"ரெண்டு கம்பு நின்னாப் போதும்ல உங்களுக்கு?"

"போதுமாவா? கண்மாய் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன் பாரு." முதல் கம்புக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடினார். "இராமு இல்லாட்டி என்ன, யாராவது ஒரு ஆளு மூணாவது கம்ப எடுத்துட்டு நேரா நடங்கப்பா. கோட்டுக்குள்ளயே நடங்க!"

இரண்டு கம்பும் ஒன்றில் ஒன்று மறைய, மூன்றாவதை அந்த வரிசையில் நிறுத்தினார். அதற்கப்புறம் நாலாவது. பொன்னுத்தாயி சங்கிலியின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தாள். உதைத்தவன் மறுபடி முன்னால் வந்தபோது கண்மாய்க்காரர்கள் ஓடவும் இல்லை, கை ஓங்கவும் இல்லை. கம்பைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டார்கள். அவன் திரும்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி காரின் கதவைத் திறந்தார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்!"

"போங்க," என்றாள் அவள், சங்கிலியை இழுத்துப் பிடித்தபடியே. "அளந்து முடிச்சிட்டு நானும் அங்கதான் வாரேன். சாமானை உடைச்சதுக்கு எழுதிக் குடுக்கணும்."

மத்தியானத்துக்குள் சுண்ணாம்புக் கோடு கண்மாய்க் கரையைத் தொட்டது.

ஏகப்பன் கையெழுத்துடன் பிளான் மனுவோடு போயிற்று. சேதுபதி வேறு ஆளை வைத்து மதுரையில் கேட்டிருந்த லே-அவுட் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் என்று சொன்ன சர்க்கார் சர்வேயர் ஆறு வாரத்தில் வந்தார். கூட்டமாகப் போய் தாலுகா ஆபீஸ் வாசலில் தினம் உட்கார்ந்தது அக்கம்மாளின் வேலை. அவர் அளந்து போட்ட கற்கள் சுண்ணாம்புக் கோட்டில்தான் விழுந்தன, வளைவுக்கு அப்பால் ஒரு சாண் விலகியதைத் தவிர. அந்த ஒரு சாண் மிஷின் கோணத்தின் தப்பா, சங்கிலிக்காரர் கண்ணின் தப்பா என்று பொன்னுத்தாயியும் ஏகப்பனும் போட்ட சண்டை இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கற்களுக்கு நடுவே மண்வெட்டி போட்டுத் தோண்டியிருந்த வாய்க்காலில் செம்மண் தண்ணீர் புரண்டு போயிற்று. கண்மாய் பாதிதான் நிறைந்தது. அக்கம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் பொன்னுத்தாயிக்கு அந்த வருஷம் கஷ்ட வருஷம். உதைத்தவன் மேல் கொடுத்த புகார் ஸ்டேஷனிலேயே படுத்துவிட்டது. ஆபீஸ் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், 'எனக்குத் தேவைப்படுது' என்று காலி செய்யச் சொன்னார். அவர் சேதுபதிக்கு உறவு. மனை வியாபாரிகள் யாரும் அவள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அமோனியா மிஷின் கனவாகவே இருந்தது. தியோடலைட் பழுதுபார்க்க மெட்ராஸ் போய், மாதக்கணக்கில் கிடந்து, ஒரு திருகு கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பி வந்தது. அறுவடை முடிந்து இராமு வந்தபோது அவனுக்குக் கொடுக்கச் சம்பளமில்லை. அவன் பேசாமல் வேலையில் உட்கார்ந்தான்.

ஏகப்பன் தன் ஆபீஸின் பாதியை விட்டுக் கொடுத்தார். யார் பேர் போர்டில் முதலில் வருவது என்று ஒரு வாரம் பேசினார்கள். வயசில் பெரியவன் நான் என்றார் அவர். கருவி என்னுடையது என்றாள் அவள். கடைசியில் ஒரே வாசலில் இரண்டு போர்டு தொங்கின. வேலை கொண்டுவருபவர்கள் எந்த போர்டைப் பார்த்து உள்ளே வந்தார்கள் என்பதை வைத்து இருவரும் தினம் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள்.

அப்படி வந்தவர்கள் புது மாதிரி ஆட்கள். கண்மாய்க்காரர்கள், ஊருணி பறிபோன ஊர்க்காரர்கள், சுடுகாட்டுப் பாதையை வேலி கட்டி மறித்துவிட்டார்கள் என்று வந்த சேரிக்காரர்கள். பெரிய பணம் வராது. ஆனால் வந்தவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். மானாமதுரைப் பக்கமிருந்துகூட வந்தார்கள்.

எழுபத்தைந்தில் ஒரு நாள் பத்திர ஆபீஸ் வராந்தாவில் சேதுபதி எதிரே வந்தார். லே-அவுட்டை மதுரைக்காரர்களை வைத்து வாய்க்காலுக்கு இடம் விட்டுத்தான் போட வேண்டியிருந்தது அவருக்கு. ஒதுங்கிப் போவார் என்று நினைத்தாள். அவர் நின்றார்.

"உங்களால எனக்கு ரோட்டோர மனை எட்டுப் போச்சு," என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

"போனதுன்னா உங்ககிட்ட இருந்திருக்கணும்ல," என்றாள்.

அவர் முறைத்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெளியே குதிரை வண்டியில் தியோடலைட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏகப்பன் உட்கார்ந்திருந்தார். அளக்கப் போவது கண்டனூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு. அங்கே ஊருணிக் கரையை வளைத்துச் சுவர் எழுப்பிய ஒருத்தர் நேற்றே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், வந்தால் கால் இருக்காது என்று.

"போறமா, திரும்புறமா?" என்று கேட்டார் அவர்.

"வெயில் சாஞ்சா கோயில் கலசம் மிஷின்ல தெரியாது, வண்டிய விடச் சொல்லுங்க," என்றபடி பொன்னுத்தாயி ஏறி உட்கார்ந்தாள்.